நல்வாள் தெரிதல்: சீன நேர்வாள் குறித்த பழஞ்சான்றுகளும் வெட்டுப் பயிற்சியும்

முன்னுரை

சீனரின் வாட்கள் இருவகைப்படும். ஒருபுறம் மட்டும் கூருடையது தாவ் எனவும், இருபுறமும் கூருடைய நேரான அலகைக் கொண்டது ஜியான் எனவும் வழங்கும். தமிழில் இரண்டனையும் வாள் என்றே சுட்டுவதால், இக்கட்டுரையில் ஜியான் என்பது ‘நேர்வாள்’ எனக் குறிக்கப்பெறுகின்றது.

ஹான் காலத்திலேயே போர்க்களத்தில் நேர்வாளின் இடத்தைத் தாவ் பற்றிக்கொள்ளத் தொடங்கிற்று. கி.பி. 1621இல் வெளிவந்த வூபெய் ஜி என்னும் படைநூலைத் தொகுத்த மாவ் யுவான்யி, பழைய வாண்முறை சீனத்தில் மறைந்துவிட்டதென்றும் கொரியாவிலிருந்தே அது மீட்கப்பெற்றதென்றும் எழுதினார். இன்று மூங்கிலையும் நீரில் ஊறிய பாய்ச்சுருளையும் நேர்வாளால் வெட்டிப் பழகுவோர்க்கு இடையறாத மரபு என ஒன்று முழுமையாகக் கிடைத்திலது. பழைய நூல்களும் அகழ்ந்தெடுத்த பொருள்களுமே அவர்க்குத் துணை. தெரிவு பிழைத்தால் அலகு முறியும். முறிந்த துண்டு அருகில் நிற்பவரையும் தாக்கும். எனவே, நல்வாள் எது என்பது குறித்துப் பழஞ்சீன நூல்கள் கூறுவன வெறும் உவமைகளா, அன்றித் தொழிலறிவின் பதிவுகளா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆளுக்கேற்ற அளவு

ஜோவ் லி என்னும் நூலுடன் இணைக்கப்பெற்றுள்ள காவ்கோங்ஜி, கைவினைஞர் தொழில்களை வகுத்துரைப்பது. அதில் வாள் செய்வோர் பற்றிய பகுதி, பிடியின் நீளத்தை அடிப்படை அளவாகக் கொண்டு, அலகு அதனைப்போல் ஐந்து மடங்கு, நான்கு மடங்கு, மூன்று மடங்கு என முத்திறமாக அமைதல் வேண்டும் எனக் கூறுகின்றது. இவை முறையே மேல், இடை, கடை என்னும் முந்நிலை வீரர்க்கு உரியன. இதனை மேலோட்டமாகப் படிப்போர் தகுதிநிலை பற்றிய விதி என்றே கொள்வர். ஆனால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான உரையாசிரியர் ஜெங் ஷுவான், அவரவர் உடலின் அளவுக்கு ஏற்பவே இவ்வாட்கள் அணியப்பெற்றன என விளக்குகின்றார். மேல்நிலை வாளின் நீளம் மூன்று சீனஅடி என்றும் எடை மூன்று ஜின் பன்னிரண்டு லியாங் என்றும் அவர் கணக்கிடுகின்றார். ஹான் கால அளவுகளின்படி இவை ஏறத்தாழ 69 செ.மீ., 930 கிராம் ஆகும்.

1965இல் ஹூபெய் மாநிலத்து ஜியாங்லிங்கில், வாங்ஷான் முதற் கல்லறையில் கிடைத்த யுவே நாட்டு மன்னன் கோவ்ஜியானின் வெண்கல வாள் ஏறத்தாழ 55.7 செ.மீ. நீளமும் 875 கிராம் எடையும் உடையது. ஜெங் ஷுவானின் கணக்கில் இடைநிலை வாளின் நீளமான இரண்டரைச் சீனஅடி ஏறத்தாழ 58 செ.மீ. ஆதலின், உரையின் அளவுகள் கற்பனையல்ல என்பது புலனாகும். உடலைக்கொண்டு வாளை அளக்கும் வழக்கம் பின்னும் தொடர்ந்தது. இடக்கையைத் தொங்கவிட்டு, வாளைத் தோளை ஒட்டி நிமிர்த்திப் பிடிக்கையில் அதன் முனை காதின் மேல்விளிம்பிற்குத் தாழலாகாது என்னும் விதி இக்கால வூஷூப் போட்டிகளிலும் இடம்பெற்றது.

வன்மையும் நெகிழ்வும்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டினதான லூஷி சுன்ச்சியுவில் வாள் தேர்வோன் ஒருவனுக்கும் மறுப்போன் ஒருவனுக்கும் நிகழும் சொற்போர் இடம்பெறுகின்றது. வெள்ளீயம் வன்மை தரும், செம்பு நெகிழ்வு தரும், இரண்டும் கலந்த வாள் இரு குணமும் உடையதாதலின் நல்வாள் என்பது முன்னவன் கூற்று. வெள்ளீயத்தால் நெகிழ்வு கெடும், செம்பால் வன்மை கெடும், ஆகவே கலந்த வாள் இரண்டும் அற்றது. வளையவும் முறியவும் வல்லது எங்ஙனம் நல்வாளாகும் என்பது பின்னவன் மறுப்பு. வாள் மாறவில்லை, சொல்வன்மையே அதனை நல்லதாகவும் தீயதாகவும் ஆக்கிற்று என நூல் முடிக்கின்றது.

சொற்போரில் தீராத இச்சிக்கலைக் கொல்லர்கள் உலைக்களத்தில் தீர்த்திருந்தனர். அக்காலத்து இருவார்ப்பு வாட்களில் நடுத்தண்டு வெள்ளீயம் குறைந்த வெண்கலத்தாலும், இருபுற வாய்கள் வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தாலும் தனித்தனியே வார்க்கப்பெற்று இணைக்கப்பெற்றுள்ளன. வளைய வேண்டிய இடத்தில் நெகிழ்வும், வெட்ட வேண்டிய இடத்தில் வன்மையும் அமைந்தன. எஃகு பரவிய பின்னரும் இந்நெறி மாறவில்லை. பிற்கால நேர்வாட்களில் வன்மையான எஃகுத் தகட்டினை நடுவில் வைத்து, இருபுறமும் மென்மையான இரும்பைப் பொருத்தி அடித்து, நடுத்தகட்டின் விளிம்புகளையே வாயாகத் தீட்டினர். ஆகவே நல்வாளின் இலக்கணம் கலத்தல் அன்று, இடமறிந்து வைத்தல் எனலாம்.

வெட்டிப் பார்த்தல்

வெட்டுச் சோதனையை நேரடியாகப் பேசும் பகுதி ஜான்குவோ சே என்னும் நூலில் உள்ளது. பழைய வேந்தர்க்கு முப்பதாயிரம் வீரர் போதுமாயிருக்க, இலட்சக்கணக்கானோரைத் திரட்டுவது ஏன் எனத் தியான் தான் வினவ, ஜாவ் நாட்டுத் தளபதி ஜாவ் ஷெ வாளை எடுத்துக்காட்டி விடையிறுக்கின்றார். வூ நாட்டு நல்வாள் எருதையும் குதிரையையும் துணிக்கும். உலோகக் கலத்தையும் அறுக்கும். அதனையே தூணில் மோதினால் மூன்றாகும். கல்லில் மோதினால் நூறாகும். முதுகில் தடிப்பு இல்லையெனில் முனை நுழையாது. பக்கம் மெலியவில்லையெனில் வாய் அறுக்காது. இரண்டும் இருந்தும் பிடியும் காப்பும் செவ்வையாக இல்லையெனில் குத்துமுன் கையே அறுபடும் என்பது அவர் கூற்றின் சாரம்.

இது படையளவு குறித்த வாதத்தில் வரும் உவமையே. எனினும், கேட்போர் முன்னரே உண்மை என அறிந்திராத செய்தியை உவமையாக்கினால் வாதம் நில்லாது. எனவே இம்மூன்று நிபந்தனைகளும் அக்காலத்துப் பொது அறிவாக இருந்தன எனக் கொள்வது பொருந்தும்.

கண்ணால் தெரிதல்

வெட்டிப் பார்ப்பது முறியும் வாளை முறித்த பின்னரே காட்டும். அதற்கு முன்னரே தெரிந்துகொள்ளும் வழியை, 1974இல் ஜூயான் எல்லைக்காவல் நிலையப் பகுதியில் கிடைத்த ஹான் கால மரச்சுவடிகள் ஆறு உரைக்கின்றன. வாளை உருவி, அலகின் உடலில் இரு கருங்கோடுகள் இடையறாது ஓடுகின்றனவா எனப் பார்க்குமாறு அவை அறிவுறுத்துகின்றன. நல்வாளின் குறிகளையும் தீயவாளின் குறிகளையும் பிரித்துக் கூறுகின்றன. இக்கோடுகள் அடித்திணைத்த எஃகின் பொருத்து வரைகளாகலாம் என்பது என் கருத்து. 1978இல் ஷூஜோவில் கிடைத்த, கி.பி. 77ஆம் ஆண்டு குறிக்கப்பெற்ற நேர்வாளில் ‘ஐம்பது முறை புடமிட்டது’ எனும் பொருள்பட எழுதியிருப்பது, இத்தகைய அடுக்கு எஃகு அக்காலத்தில் மதிக்கப்பெற்றதற்குச் சான்றாகும். இச்சுவடிகள் அரண்மனையில் அன்றி எல்லைக் காவலர் நடுவே கிடைத்தமை எண்ணத்தக்கது. வாளை நம்பி உயிர்வாழ்ந்தோர்க்கு இவ்வறிவு அணியன்று, தேவை.

இன்றைய தெரிவு

இச்சான்றுகளைக் கொண்டு இன்றைய வாளையும் அளக்கலாம். போட்டி ஆட்டத்திற்கெனச் செய்யப்பெறும் மெல்லிய அலகு, அசைவில் துவண்டு ஒலி எழுப்புதற்குரியது. ஜாவ் ஷெ கூறும் முதுகுத்தடிப்பு அதற்கில்லை. மூங்கிலில் பட்டால் மடங்கும். மாறாக, தடித்துக் கூர் மழுங்கிய அலங்கார வாள் பிளவாப்பினைப் போல் நின்றுவிடும். வெட்டுதற்குரிய அலகு கைக்காப்பருகே தடித்து முனைநோக்கிப் படிப்படியாக மெலிய வேண்டும். நடுமுகட்டிலிருந்து வாய்வரை சரிவு சீராக இருத்தல் வேண்டும். எஃகு முறையாகத் தோய்ச்சலிட்டுப் பதப்படுத்தப் பெற்றிருத்தல் வேண்டும். எடை ஒரு கிலோகிராமுக்கு உட்பட்டு, சமநிலைப் புள்ளி கைக்காப்பிலிருந்து ஒரு சாணுக்குள் அமைந்தால் கை சோராது.

இவற்றினும் முதன்மையானது வெளியில் தெரியாத பகுதி. பிடிக்குள் செல்லும் அலகின் பின்நீட்சி, அலகோடு ஒரே உலோகமாய், அகன்று, பிடியின் கடைசிவரை சென்று இறுக்கப்பெற்றிருத்தல் வேண்டும். மெல்லிய கம்பியைப் பற்றவைத்த வாள், வீச்சின் நடுவே பிடியை விட்டுப் பறக்கும். பிடியைப் பற்றி ஜாவ் ஷெ கூறிய மூன்றாம் நிபந்தனையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். 2006இல் சீன அரசின் முதல் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் இடம்பெற்ற லோங்சுவான் ஊரின் பெயரைத் தாங்கிய வாளாயினும், இப்பகுதியைக் காணாது பெயரை மட்டும் நம்பி வெட்டத் துணிதல் கூடாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உடலுக்கேற்ற அளவு, இடத்திற்கேற்ற உலோகம், முதுகும் வாயும் பிடியும் ஒத்த அமைப்பு, வெட்டுமுன் கண்ணால் தெரிதல் என நான்கு கூறுகளைப் பழஞ்சீனச் சான்றுகள் முன்வைக்கின்றன என்பது பெறப்படுகின்றது. விதியாகவும் வாதமாகவும் உவமையாகவும் காவல்நிலைய ஓலையாகவும் வேறுபட்ட வடிவங்களில் இவை வந்துள்ளன. அகழ்ந்தெடுத்த வாட்களோடு ஒப்பிடுகையில், இவ்வடிவங்களின் உள்ளே கொல்லனின் அறிவும் வெட்டியவனின் பட்டறிவும் பொதிந்துள்ளமை விளங்கும். மரபு அறுபட்ட ஒரு கலையை நூல்வழி மீட்க முயல்வோர், நூலை நம்புவதோடு பொருளையும் கையிலெடுத்து நோக்குதல் வேண்டும். கருங்கோட்டைப் பார்க்கச் சொன்ன காவலனும் முதலில் வாளை உருவவே சொன்னான்.