டேர்ட் பைக்கில் இருந்து தார் வீதிக்கு

கன்னியாவுக்கு அப்பால் கிரவல் பாதைகளில் பல வருடம் டேர்ட் பைக் ஓடியவன் நான். முதல் வீதி பைக்கை, ஒரு 150 சீசீ, எடுத்த கிழமையே சீனன்குடாவில் முன்னால் போன லொறி சட்டென்று நின்றது. பழக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தேன். பின் சில்லு பூட்டி வழுக்கியது. லொறிக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் பைக் நின்றது. இப்போது சித்தப்பாவின் மகனும் வீதி பைக் வாங்கப் போகிறான். அவனுக்குச் சொன்னதுதான் இது.

மண்ணில் முன் பிரேக்கை இறுக்கினால் விழுவோம் என்று கை பயந்து பழகியிருக்கும். தாரில் அப்படியில்லை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சில்லுக்குப் போவதால், பைக்கை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஒரேயடியாக இறுக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும். வெறும் வளவில் 30 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பத் திரும்பப் பழகித்தான் என் கை மாறியது.

வளைவில் காலை நீட்டாதீர்கள். உடம்பும் பைக்கோடு சாயட்டும். மண்ணுக்குரிய முட்டு டயர் ஈரத் தாரில் பிடிக்காது. காற்றும் 12-15 பிஎஸ்ஐ போதாது.

உப்புவெளிப் பக்கம் தாரில் படியும் மெல்லிய மணல், முழு மண் பாதையை விட மோசம். நகரத்துக்குள் மான்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும், காத்திருங்கள்.

போட்டி பைக்குக்கு இலக்கத்தகடு தேவைப்படாது. வீதிக்கு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, 100 சீசீக்கு மேல் என்றால் ‘ஏ’ வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன் வாங்கினால் காய்ந்த வீதியில் பழகலாம்.