மூணு ரிப்போர்ட்டும் நெகட்டிவ், பயம் மட்டும் போகல: எச்.ஐ.வி பரிசோதனையின் வேலூர்க் கதை

1/ ஜமுனாமரத்தூர்ல இருந்து மலை இறங்கி வந்திருந்தார் ஒரு தம்பி. கையில் மூன்று எச்.ஐ.வி ரிப்போர்ட். சம்பவம் நடந்த 5, 12, 20ஆம் நாட்களில் எடுத்தவை. மூன்றும் நெகட்டிவ். "அப்பவும் தூக்கமே வரல சார்."

2/ அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன். 1986 பிப்ரவரி. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மாணவி டாக்டர் நிர்மலா, ஐஸ் பெட்டியில் ரத்த மாதிரிகளோடு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார். ஆய்வுக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் சுனிதி சாலமன்.

3/ வேலூர் சி.எம்.சி.யில் எலிசா பரிசோதனை. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதை உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது அப்படித்தான் முதலில் தெரிந்தது.

4/ ஒரு விஷயம் கவனிங்க. அந்த மஞ்சள் நிறம் காட்டியது கிருமியை அல்ல. கிருமியை எதிர்க்க உடல் தயாரித்த ஆன்டிபாடியை. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். கிருமி உள்ளே வந்தும் டெஸ்டில் தெரியாத அந்த இடைவெளிதான் விண்டோ பீரியட்.

5/ இன்று இடைவெளி குறைந்துவிட்டது. ஆன்டிபாடியோடு கிருமியின் பி24 புரதத்தையும் தேடும் நான்காம் தலைமுறை லேப் டெஸ்ட்: 18 முதல் 45 நாள். விரலில் குத்தி எடுக்கும் ரேபிட் டெஸ்ட்: 23 முதல் 90 நாள்.

6/ அப்போ தம்பியின் 5ஆம் நாள் ரிப்போர்ட்? அந்தச் சம்பவத்தைப் பற்றி அது ஒண்ணுமே சொல்லல. 20ஆம் நாள் ரிப்போர்ட் கொஞ்சம் ஆறுதல், முடிவு இல்லை. பதில் கிடைக்காத நாளில் கேள்வி கேட்டதால்தான் பயம் தீரல.

7/ காலண்டரில் இரண்டு தேதி குறிச்சுக் கொடுத்தேன். 45ஆம் நாள் லேப் டெஸ்ட். 90ஆம் நாள் அரசு நம்பிக்கை மையத்தில் இலவச டெஸ்ட். நடுவில் டெஸ்டும் வேண்டாம், கூகுளும் வேண்டாம். அதுவரை ஆணுறை அவசியம், ரத்த தானம் கூடாது.

8/ சம்பவம் நடந்து 72 மணி நேரம் தாண்டலையா? காத்திருக்காதீங்க. உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. 28 நாள் தடுப்பு மருந்து இருக்கு. அதை எடுத்தால், நாள் கணக்கு மருந்து முடிந்த பிறகே தொடங்கும்.

9/ 1986இல் ரத்தம் கொடுத்த பெண்களிடம் அது எதற்கான சோதனை என்றுகூடச் சொல்லப்படவில்லை. இன்று உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 2017 சட்டம் தந்த உரிமை அது. டெஸ்டுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேச ஆலோசகர் இருக்கார். வெட்கப்படாம கேளுங்க.

10/ ஒருவேளை பாசிட்டிவ் என்றாலும் ஏ.ஆர்.டி மருந்து அரசு மையங்களில் இலவசம். தொடர்ந்து சாப்பிட்டால் இயல்பான வாழ்க்கை வாழலாம். யாரிடமும் பேச முடியலையா? 1097க்குக் கூப்பிடுங்க.