அரசனில்லா ஐஸ்லாந்து (930–1262)

அரசனோ படையோ இல்லாமல் ஒரு சமூகம் இயங்க முடியுமா என்ற விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நாடு ஐஸ்லாந்து. வட அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள இத்தீவில் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்தும் பிரித்தானியத் தீவுகளிலிருந்தும் மக்கள் குடியேறினர். அதன்பின் 1262 வரை அவர்களை எந்த மன்னரும் ஆளவில்லை.

சட்டமும் மன்றமும்

அரசன் இல்லை என்றாலும் சட்டம் இருந்தது. 930ஆம் ஆண்டளவில் 'அல்திங்' என்னும் பொது மன்றம் நிறுவப்பட்டது. அது ஆண்டுதோறும் கோடையில் திறந்தவெளியில் கூடியது. சட்டங்கள் எழுதப்படாத அக்காலத்தில், 'சட்டம் உரைப்பவர்' எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்று ஆண்டுகளில் சட்டம் முழுவதையும் நினைவிலிருந்து எடுத்துரைத்தார். 1117-18 குளிர்காலத்தில்தான் சட்டங்களை எழுதும் பணி தொடங்கியது.

'கோதி' எனப்பட்ட தலைவர்கள் நீதிபதிகளை நியமித்தனர். குடியானவர் ஒருவர் தம் தலைவரைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். பிடிக்காவிட்டால் வேறொருவரிடம் மாறலாம். ஆயினும் பெண்களும் அடிமைகளும் நீதிபதிகளாக அமர முடியாது.

1000ஆம் ஆண்டளவில் பழைய சமயத்தாரும் கிறித்தவரும் மோதும் நிலை உருவானது. முடிவு சட்டம் உரைப்பவரான தோர்கெய்ரிடம் விடப்பட்டது. அவர் பழைய சமயத்தைச் சேர்ந்தவர். எனினும் அனைவரும் கிறித்தவத்தை ஏற்கவேண்டும் என்றார். இரு தரப்பும் அதற்கு இணங்கின.

நிறைவேற்றுவது யார்?

தீர்ப்பை நிறைவேற்றக் காவலர்களோ சிறையோ இல்லை. வழக்கில் வென்றவரே இழப்பீட்டை வசூலிக்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பானவர் என முழுமையாக அறிவிக்கப்பட்டவரைக் கொன்றால் அது குற்றமாகாது. ஆகவே வலிமையற்றவர் நீதி பெற, வலிமையுள்ள ஒருவரின் ஆதரவைத் தேட வேண்டியிருந்தது.

வீழ்ச்சி

தலைவர் பதவியை விற்கவும் வாங்கவும் முடிந்தது. பல தலைவர்களிடம் பிரிந்திருந்த அதிகாரம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருசில குடும்பங்களிடம் குவிந்தது. முன்பு ஒரு தலைவரை இன்னொருவர் தடுத்து நிறுத்த முடிந்தது. இப்போது அவர்களைத் தீர்ப்புக்குக் கட்டுப்படுத்த எவரும் இல்லை. 1220 முதல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1262-64 காலத்தில் ஐஸ்லாந்துத் தலைவர்கள் நார்வே மன்னர் ஹாகோனின் ஆட்சியை ஏற்று, வரி செலுத்தவும் உடன்பட்டனர்.

மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இச்சமூகம் அரசனின்றி நிலைத்தது, சட்டமின்றி அன்று. அதிகாரம் பரவலாக இருந்தவரை சட்டம் செல்லுபடியானது; அது சிலரிடம் சேர்ந்தபோது சட்டம் வலுவிழந்தது.