மன்றோ துரையின் டேட்டா மாடல்

புது ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா எங்க ஆபீஸ்ல முதல் வாரம் ஒரு சண்டை நிச்சயம். டேட்டாபேஸை வெள்ளைத்தாளில் இருந்து வரையலாமா, இல்லை யாரோ ஏற்கெனவே வரைந்து வைத்த டெம்ப்ளேட் மாடலை எடுத்து நம்ம வசதிக்கு வெட்டி ஒட்டிக்கலாமா? ரெண்டு கட்சிக்கும் தொண்டர்கள் உண்டு. நான் பொதுவா ரெண்டாவது கட்சி. ஆனா அந்தக் கட்சியிலயும் எதிர்க்கோஷ்டி.

பொட்டி தட்டாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மளிகைக் கடையோ மருத்துவமனையோ, எங்கே போனாலும் ஆள் உண்டு, பொருள் உண்டு, பட்டுவாடா உண்டு, தேதி உண்டு. திரும்பத் திரும்ப வர்ற இந்த அமைப்பை ஒரு தடவை ஒழுங்கா வரைஞ்சு வெச்சுட்டா எல்லாரும் எடுத்துக்கலாமே? இதைத்தான் 90களின் நடுவில் டேவிட் ஹே ஒரு புத்தகமா எழுதினார். 1997ல லென் சில்வர்ஸ்டன் மாதிரி வரைபடங்களாவே ஒரு தடிமனான புத்தகம் போட்டார். டேட்டா வேர்ஹவுஸ் பக்கம் ரால்ஃப் கிம்பால் 1996ல எழுதின புத்தகம் பலருக்கு இன்னிக்கும் வேதம். பேங்க்குக்கு ஒண்ணு, டெலிகாமுக்கு ஒண்ணுன்னு ரெடிமேட் மாடல்களை விலைக்கு விற்கிற கம்பெனிகளும் உண்டு.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்குன்னுதான் நானும் படிச்சேன். ஆனா ஊர்ப்பக்க நிலக் கணக்குகளோட வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சப்போ, எங்க தர்மபுரியில 1790களிலேயே இதே சண்டை நடந்து முடிஞ்சிருக்குன்னு தெரிஞ்சது. அதுவும் ரெண்டு டெம்ப்ளேட், ஒரே மண்ணு, நேருக்கு நேர் மோதல்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1792ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகள்ல பாராமகாலும் சேலமும் உண்டு. பாராமகால்னா ஏறக்குறைய இன்னிக்கு இருக்கிற தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கம். (தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965லதான், அதுவரைக்கும் சேலத்தோட. கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004ல.) இந்தப் பகுதியை நிர்வாகம் பண்ண கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிவில் அதிகாரிகளை அனுப்பலை. அவங்களுக்கு உள்ளூர் பாஷை தெரியலைங்கறது அவர் கடுப்பு. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைமையில பட்டாளத்து ஆளுங்களை அனுப்பினார். ரீடுக்கு மூணு உதவியாளர்கள்: மெக்லியாட், கிரஹாம், அப்புறம் தாமஸ் மன்றோ. மன்றோவுக்கு தர்மபுரி. அப்ப அவருக்கு 31 வயசு. நம்மள்ல பல பேரை விட ரெண்டு மூணு வயசுதான் கூட. கிளாஸ்கோக்காரர். பட்டாளத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு வியாபாரியோட கணக்குப்பிள்ளை ஆபீஸ்ல வேலை பார்த்தவர். இந்த விஷயத்தை நினைவுல வெச்சுக்குங்க.

வந்து இறங்கினா சோர்ஸ் டேட்டா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கணக்கு எல்லாம் கர்ணம் கையில. எந்த நிலம் எவ்வளவு, யார் உழறா, எது மானியம்னு அவருக்குத்தான் தெரியும், அவர் சொன்னாத்தான் மத்தவனுக்குத் தெரியும். அளவும் ஊருக்கு ஊர் வேற. வள்ளம்னா ஒரு ஊர்ல ஒண்ணு, அடுத்த ஊர்ல இன்னொண்ணு. பத்து பிராஞ்ச்ல பத்து விதமா எக்செல் வெச்சிருக்கிற கம்பெனிக்கு வேர்ஹவுஸ் கட்டப் போனவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் புரியும்.

ரீடு குழு என்ன பண்ணிச்சு? ஊர் ஊரா, வயல் வயலா அளக்க ஆரம்பிச்சது. சென்னை ராஜதானியில இப்படி ஒவ்வொரு வயலையும் தனித்தனியா, ஒழுங்குமுறையா அளந்த முதல் வேலைன்னு இதைத்தான் சொல்றாங்க. சுலபமா முடியலை. வருஷக்கணக்கா இழுத்தது. மன்றோ 1799 வரைக்கும், ஏழு வருஷம், இந்த வேலையிலதான் இருந்தார்.

இங்கே ஒரு நுணுக்கம். ஆரம்பத்துல ரீடு நீண்டகாலக் குத்தகை மாதிரி ஏதோ திட்டத்தோடதான் வந்தார். ஆனா போகப் போக, விவசாயி தன்னால முடிஞ்ச நிலத்தை வெச்சுக்கலாம், முடியாததை அந்த வருஷம் விட்டுடலாம், வேற நிலம் எடுக்கலாம்ங்கற பக்கம் நகர்ந்தார். 1796ல அதை அறிவிப்பாவே வெளியிட்டார். பின்னாடி ரயத்துவாரின்னு பேர் வாங்கின முறையோட விதை இதுதான். இந்த ஒரு விதி வந்ததுமே டேட்டா மாடல் தானா முடிவாயிடுது. வருஷா வருஷம் எந்த விவசாயி எந்த வயலை வெச்சிருக்கான்னு தெரிஞ்சாகணும். அப்ப கணக்குல ஒரு வரின்னா என்ன? ஒரு வயல், ஒரு வருஷம். அதுக்குக் கீழே இறங்கத் தேவையில்லை, அதுக்கு மேலே நிறுத்தினா வேலைக்காகாது.

கிம்பால் இதைத்தான் 'கிரெய்ன்'னு சொல்றார். டேபிளை வரையறதுக்கு முன்னாடி ஒரு வரி எதைக் குறிக்குதுன்னு முடிவு பண்ணு, முடிஞ்ச அளவுக்குச் சின்னதா வை, பெரிய கணக்கு வேணும்னா பிறகு கூட்டிக்கலாம். கூட்டி வெச்சதை மட்டும் கையில வெச்சிருந்தா பிரிக்க முடியாது. கிரெய்ன்னா தானியமணி. தர்மபுரி ராகி வயலுக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை உண்டா?

இனி எதிர்க்கட்சி டெம்ப்ளேட். 1793ல கார்ன்வாலிஸ் வங்காளத்துல நிரந்தர நிலவரித் திட்டம் கொண்டு வந்தார். வயல் கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு ஜமீன்தாருக்கு ஒரு தொகை, அது என்னிக்கும் மாறாது. அழகான, சின்ன மாடல். ஜமீனுக்கு ஒரு வரி போதும். மேலிடத்துக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 1802ல சென்னை ராஜதானிக்கும் அதையே சட்டமாக்கினாங்க. பாராமகால்ல ஜமீன்தாரே இல்லையேன்னா... அதனால என்ன, உருவாக்கிட்டாங்க! கிராமங்களைக் கட்டுக் கட்டாச் சேர்த்து 'மிட்டா'ன்னு பேர் வெச்சு ஏலம் விட்டாங்க. எடுத்தவர் மிட்டாதார். சேலம், தர்மபுரிப் பக்கம் மிட்டாதார் வீடுன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அது இந்தக் கதைதான்.

கிளையண்ட் மேனேஜர் வெளியூர்ல ஒரு மாடல் பார்த்துட்டு வந்து "இதையே போடுங்க"ன்னு சொல்ற காட்சி எனக்கு அப்படியே கண்ணுல தெரியுது. அங்கே இருக்கிற என்டிட்டி இங்கே இல்லைன்னா, இங்கே ஒரு போலி என்டிட்டி தயார் பண்ணு!

மிட்டாவோட நிரந்தரத் தொகைக்கு அடிப்படை எது தெரியுமா? ரீடு வயல் வயலா அளந்து போட்ட தீர்வைதான். அந்தத் தீர்வையே அதிகம். வயல் அளவுல இருந்தவரைக்கும் மழை பொய்ச்சா விவசாயி நிலத்தை விடலாம், கணக்கு இறங்கும். அதையே கூட்டி, பூட்டி, ஏலம் விட்டப்புறம் இறங்க வழியே இல்லை. பல மிட்டாதார்கள் பாக்கி வெச்சு, மிட்டாக்கள் மறுபடி ஏலத்துக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமா அரசாங்கத்து கைக்கே திரும்புச்சு. அப்படித் திரும்பின கிராமங்களுக்கு மறுபடி கணக்கு ஆரம்பிக்க எது உதவிச்சு? பரண்ல கிடந்த ரீடு காலத்து வயல் கணக்கு. லோயஸ்ட் கிரெய்ன் டேட்டாவைத் தூக்கிப் போடாதேன்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் நான் கத்தறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கலை.

மன்றோ அதுக்குள்ள தர்மபுரி டெம்ப்ளேட்டைத் தூக்கிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டார். 1800ல இருந்து 1807 வரைக்கும் கடப்பை, பெல்லாரி பக்கம். அங்கே அளவுச் சங்கிலி 33 அடி. ஏன் 33? 33 அடி சதுரம்னா 1089 சதுர அடி. அதை 40ஆல பெருக்கிப் பாருங்க, 43,560. சரியா ஒரு ஏக்கர்! அந்தச் சதுரம்தான் குண்டா. மறுபடி பயன்படுத்தறதுக்கான மாடல்ல அளவு அலகை எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்காங்க பாருங்க. கணக்குப்பிள்ளை ஆபீஸ் புத்தி. அதே சமயம் அப்படியே காப்பி அடிக்கவும் இல்லை. வேலை முடிஞ்சதும் 1807ல, தீர்வையை 25 சதவீதம் குறைக்கணும்னு அவரே எழுதினார். மேலிடம் அப்போ கேட்கலை. 1820ல கவர்னராத் திரும்பி வந்தப்புறம்தான் ரயத்துவாரி ராஜதானிக்குப் பொதுவாச்சு. சென்னையில சேணம், அங்கவடி இல்லாத குதிரை மேல உட்கார்ந்திருக்காரே, அதே ஆள்தான்.

இப்ப நம்ம ஊர் விஏஓ ஆபீசுக்கு வாங்க. 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா. எங்க பாஷையில சொன்னா, 'அ' பதிவேடு மாஸ்டர் டேபிள்: ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பரப்பு, வகைப்பாடு, தீர்வை. கிராமக் கணக்கு எண் 2ஆன அடங்கல் ஃபேக்ட் டேபிள்: எந்த சர்வே எண்ணுல இந்தப் பசலியில என்ன பயிர். பசலி ஜூலை 1ல தொடங்குது, அதுக்கே தனி டைம் டைமன்ஷன். சிட்டா, பட்டாதார் வாரியாத் திருப்பி அடுக்கின கணக்கு. வருஷா வருஷம் ஜமாபந்தியில எல்லாத்தையும் ஒத்துப் பார்க்கிறது. 45ஆம் எண் நிலத்தைப் பிரிச்சா 45/1, 45/2. அதையும் பிரிச்சா 45/2ஏ, 45/2பி. பேரைப் பார்த்தாலே பரம்பரை தெரியும் சாவி. 1980ல எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கர்ணம் பதவியையே ஒழிச்சது. ஆள் போனார், படிவம் போகலை. கம்ப்யூட்டர் வந்து 'தமிழ்நிலம்' மென்பொருள் வந்தது, அப்பவும் அதே கலங்கள்தான் திரைக்கு ஏறிச்சு.

இந்த இடத்துல ரீடு, மன்றோ ரசிகர் மன்றம் ஆரம்பிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. இந்த மாடல் கட்டினது வரி வாங்க. அதனால வரி கட்டறவனுக்கு மட்டும்தான் கலம் உண்டு. சில்வர்ஸ்டன் புத்தகத்துல ஆள் தனி, அவரோட பங்கு தனி. ஒரே நிலத்தோட ஒருத்தர் சொந்தக்காரரா, இன்னொருத்தர் குத்தகைக்காரரா, மூணாமத்தவர் வாரத்துக்கு உழறவரா, நாலாமத்தவர் போக்கியம் பிடிச்சவரா இருக்கலாம். ரயத்துவாரி மாடல்ல பட்டாதார்னு ஒரே பங்கு. அண்ணன் தம்பி நாலு பேர்னா கூட்டுப் பட்டான்னு ஒரே கட்டத்துக்குள்ள நாலு பேரைத் திணிக்கணும் (நார்மலைசேஷன் வாத்தியார் மன்னிக்கவும்). காலமெல்லாம் களை எடுத்து நாத்து நட்ட அம்மா, பண்ணையில கூலிக்குக் கிடந்த குடும்பம், சித்தேரி மலையில இடம் மாத்தி மாத்திப் பயிர் வெச்ச மலைவாசி... இவங்க யாருக்கும் அதுல வரியே கிடையாது. கலம் இல்லாத ஆளுக்குக் கையில காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவனுக்கு பேங்க்ல கடன் இல்லை, கோர்ட்டுல வாய் இல்லை. ரெடிமேட் மாடல் வாங்கும்போது அதுல என்ன இருக்குன்னு எல்லாரும் பட்டியல் போடறாங்க. யார் இல்லைன்னு பட்டியல் போடுங்கன்னு நான் கேட்டா மீட்டிங்ல ஒரு மாதிரி பார்க்கறாங்க.

குத்தகைக்காரருக்குன்னு தமிழ்நாட்டுல முழுசா ஒரு பதிவேடு வேணும்னு சட்டம் வந்தது 1969ல, தமிழ்நாடு விவசாய நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். ரீடு வந்து 177 வருஷம் கழிச்சு, பழைய டேபிளைத் தொடாம, பக்கத்துல ஒரு புது டேபிள். நிலச் சொந்தக்காரர் பேர், குத்தகைக்காரர் பேர், பரப்பு. ரெண்டு டேபிளையும் இணைக்கிற சாவி மட்டும் பழையதுதான், சர்வே எண்.