தங்க டோக்கன் பிறந்த கதை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நிறைய உண்டு. அவற்றில் பல நந்தா விளக்குக்கு விட்ட கொடைகளைச் சொல்பவை. ஒருவர் ஆடோ மாடோ பொன்னோ கொடுக்கிறார். முதல் குறையாமல், அதன் வருவாயில் சந்திர சூரியர் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும். சொத்து எது, பலன் எவ்வளவு, அது யாருக்கு என்பதெல்லாம் ஊரார் கண்முன், எளிதில் திருத்த முடியாத இடத்தில் எழுதப்பட்டது. தங்கத்தையும் கட்டடத்தையும் கடன்பத்திரத்தையும் பிளாக்செயின் என்ற பொது ஏட்டில் டோக்கன்கள் என்னும் உரிமைச் சீட்டுகளாக்கி விற்பவர்கள் இன்று கணினியில் செய்ய முயல்வதும் இதே ஏற்பாட்டைத்தான்.

கணினியில் இது மெல்ல மெல்லத்தான் உருவானது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆவணம் ஒவ்வொன்றையும் சுருக்கி ஓர் எண்ணாக்கி, அந்த எண்களை ஒன்றோடொன்று கோத்துவிட்டால், நடுவில் ஒன்றை மாற்றினாலும் கோவை அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். 1995 முதல் அவர்களுடைய ஷ்யூரிட்டி நிறுவனம் அந்த எண்ணை வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளிலும் நூலகங்களிலும் படிகள் இருக்கும்போது பழைய தேதியை யார் திருத்த முடியும்? 2008இல் சடோஷி நாகமோட்டோ என்ற பெயரில் வந்த பிட்காயின் கட்டுரை காட்டும் எட்டு ஆதாரங்களில் மூன்று இந்த இருவரும் சேர்ந்து எழுதியவை.

பிட்காயின் துணுக்குகளில் அடையாளமிட்டு, ‘இது ஒரு பங்கு, இது ஒரு கிராம் பொன்’ என்று வெளியுலகச் சொத்துகளைக் குறிக்கும் யோசனை 2012இல் பேசப்பட்டது. 2015 ஜூலையில் எத்தீரியம் என்ற பிளாக்செயின் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃபேபியன் வோகெல்ஸ்டெல்லரும் விட்டாலிக் புட்டெரினும் டோக்கன்களுக்கான பொது வார்ப்பை, ஈஆர்சி-20ஐ, முன்வைத்தார்கள். அதற்குப் பிறகு டோக்கன் வெளியிடுவது சில பக்க நிரல் எழுதும் வேலையாகிவிட்டது.

தங்கம் இந்த ஏட்டில் ஏறிய கதையில் சிங்கப்பூருக்கு முக்கிய இடம். அங்கிருந்த டிஜிக்ஸ் 2016 மார்ச்சில் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. ஒரு டோக்கன் என்றால் பெட்டகத்தில் ஒரு கிராம் தங்கம் என்பது அதன் வாக்கு. 2019 செப்டம்பரில் பேக்சோஸ் நிறுவனத்தின் பேக்ஸ் கோல்டும், 2020 ஜனவரியில் டெதர் கோல்டும் வந்தன. இவ்விரண்டிலும் ஒரு டோக்கன் ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், நம் கணக்கில் கிட்டத்தட்ட நான்கு பவுன். அதையும் சிறு சிறு பின்னங்களாக உடைத்து வாங்கலாம். பேக்ஸ் கோல்டின் கட்டிகள் லண்டன் பெட்டகங்களில், டெதருடையவை சுவிட்சர்லாந்தில்.

இங்கேதான் நான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. டோக்கன் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை பிளாக்செயின் பிசகாமல் சொல்லும். பெட்டகத்தில் கட்டி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. காவலர் கட்டியை விற்றுவிட்டாலும் ஏட்டில் ஓர் எழுத்தும் மாறாது.

சோழர் காலத்து ஏற்பாடு இந்த இடத்தைக் கவனித்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். இத்தோடு விடவில்லை. எந்த இடையர் அந்த மந்தையைப் பெற்றார், எந்த ஊர்க்காரர், அவருடைய உறவினர் யார் யார் என்றும் வெட்டி வைத்தார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்புவது பெற்றவர் பொறுப்பு. மந்தையைக் காணோம் என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது.

திருவண்ணாமலையில் நகைச்சீட்டு கட்டும் ஒரு குடும்பத்துக்கும் இதேதான் பலம்: சொன்னபடி நகை தராவிட்டால் கேட்கக் கடைக்காரர் முகம் தெரியும். அந்தப் பலம் போதாமல் போன சீட்டுகளும் தமிழ்நாட்டில் உண்டு. அதனால்தான் முகத்தோடு சட்டமும் வேண்டியிருக்கிறது. லண்டன் பெட்டகத்துக்குப் போய் நிற்க இந்தக் குடும்பத்தால் முடியாது.

இந்தியாவில் அந்தச் சட்டத்தோடு வந்தது மின்னணுத் தங்க ரசீது. பிளாக்செயின் கிடையாது, பங்குகளைப் போல டீமேட் கணக்கில் இருப்பது. 2022 அக்டோபர் தீபாவளி வர்த்தகத்தில் மும்பை பங்குச் சந்தை இதைத் தொடங்கியது. தங்கத்தை வைத்திருக்கும் பெட்டக மேலாளர், பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். குறைந்தது 50 கோடி ரூபாய் நிகர மதிப்பும் வேண்டும். சிறு சேமிப்பாளருக்கு, புதுமை குறைந்த இந்த வழியையே நான் சொல்வேன். செயலிகளில் விற்கும் டிஜிட்டல் தங்கம் தன் கட்டுப்பாட்டுக்குள் வராது, முதலீட்டாளர் பாதுகாப்பும் அதற்குப் பொருந்தாது என்று 2025 நவம்பரில் செபியே எச்சரித்தது.

டோக்கனுக்கான கதவு மூடிவிடவில்லை. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியை ஒழுங்குபடுத்தும் ஆணையம், நிஜச் சொத்துகளை டோக்கனாக்குவது பற்றி 2025 பிப்ரவரியில் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. விதிகள் வரும்போது, ஒவ்வொரு டோக்கனோடும் சொத்தைக் காப்பவர் பெயர், முகவரி, தவறினால் ஈடு கட்டுபவர் யார் என்ற மூன்றையும், வாங்குபவரின் மொழியிலேயே, பணம் செலுத்தும் திரையில் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்க வேண்டும்.