தொடாமல் அளக்கும் கலை

1858ஆம் ஆண்டில், ஜெர்மானிய நகரான வெட்ஸ்லரின் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த இளம் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பவர், உயரத்திலிருந்து விழாமல் மயிரிழையில் தப்பினார். கட்டடத்தைத் தொடாமல், அதன் ஒளிப்படத்திலேயே அளவெடுக்க இயலாதா என்னும் வினா அவருள் எழுந்தது. அவரது விடாமுயற்சியால், ஒளிப்பட அளவையியலுக்கென 1885இல் பெர்லினில் அரசு நிறுவனம் தோன்றியது.

கான்கிரீட் உத்திரத்தின் மீது பளுவேற்றி முறித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்திலும் இத்தகைய இடர் உண்டு. உத்திரத்தைத் தொட்டு நிற்கும் அளவுகருவிகளை முறிவுக்கு முன்னரே பெரும்பாலும் அகற்ற நேர்ந்தது. அறிய வேண்டிய இறுதிக் கணமே அளவைக்கு எட்டவில்லை. 1980களில் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொருளின் பரப்பிலுள்ள புள்ளிக்கோலம் நகர்வதைப் படங்களை ஒப்பிட்டுக் கணினியால் அளக்கும் முறையை வகுத்தனர். இன்று, எட்ட நிற்கும் கேமரா விரிசலை முறிவுவரை பின்தொடர்கிறது. உத்திரம் எவ்வாறு முறியும் என்பதை அறிந்தால்தான், முறியாத பாலத்தை வடிவமைக்க இயலும்.