செவிலியரின் விசுவாசம் யாருக்கு? டஸ்கீகி ஆய்வும் தொழிலறமும்

1958-இல் அமெரிக்க நடுவண் அரசின் சுகாதாரத் துறை, யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியருக்கு ஓவிட்டா கல்ப் ஹாபி விருதை வழங்கியது. அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டியில் அவர் கால் நூற்றாண்டு ஆற்றிய பணிக்கு அது பாராட்டு. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே பணி அமெரிக்க மருத்துவத்தின் அவமானமாக நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ரிவர்ஸ் தம் வேலைமுறையை மாற்றிக்கொள்ளவில்லை. பாராட்டும் பழியும் ஒரே செயல்களுக்காகவே வந்தன.

நல்ல மனம் இருந்தால் தொழிலறம் தானே அமையும் என்ற நம்பிக்கையை இந்த முரண் அசைத்துப் பார்க்கிறது. ரிவர்ஸிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. அந்த இரக்கம் யாருடைய பொறுப்பில் இயங்கியது என்பதே ஆராயத்தக்கது.

1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை அதே மேக்கன் கவுண்டியின் டஸ்கீகியில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸைக் குணப்படுத்தாமல் விட்டால் உடல் எப்படிச் சிதையும் என்று பார்ப்பது அதன் நோக்கம். நோயுள்ள 399 பேர், நோயில்லாத 201 பேர், ஆக 600 கறுப்பின ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைகள். அவர்களுக்கு நோயின் பெயர் சொல்லப்படவில்லை. 'கெட்ட ரத்தம்' என்ற உள்ளூர்ப் பேச்சுவழக்கே போதும் என்று விடப்பட்டது. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்கும் சோதனையைத் தனிச்சிறப்பான இலவசச் சிகிச்சை என்று கடிதம் எழுதி அழைத்தார்கள்.

மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறாமல் நின்றவர் ரிவர்ஸ். தம் காரில் ஆய்வுக்கு உட்பட்டவர்களைச் சோதனைக்கு அழைத்துச் செல்வார். வீட்டுக்கு வந்து நலம் விசாரிப்பார். குடும்பத்தினர் பெயர்கள் அவருக்குத் தெரியும். ஒருவர் இறந்தால் அடக்கச் செலவுக்கு 50 டாலர் கிடைக்கும், பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பம் சம்மதித்தால். 1953-இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்றின் ஆசிரியர் பட்டியலில் ரிவர்ஸின் பெயரே முதலில் நிற்கிறது. அணுகிய 145 குடும்பங்களில் ஒன்றுதான் மறுத்தது என்கிறது அவ்வறிக்கை. மருத்துவர்களால் ஈட்ட முடியாத நம்பிக்கையை அவர் ஈட்டினார்; ஆய்வு அதைச் செலவழித்தது.

1947 வாக்கில் பென்சிலின் சிபிலிஸுக்கு உரிய மருந்தாக நிலைபெற்றது. மேக்கன் கவுண்டியின் இந்த நோயாளிகளுக்கு மட்டும் அது வேண்டுமென்றே தரப்படவில்லை.

பின்னாளில் ரிவர்ஸ் சொன்ன சமாதானம் எளியது: நோயைக் கணிப்பதும் மருந்து எழுதுவதும் செவிலியர் வேலையல்ல; மருத்துவர் சொன்னபடி நடப்பதே தமக்குக் கற்பிக்கப்பட்டது. இதைச் சாக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. 1893-இல் டெட்ராய்ட்டில் உருவான நைட்டிங்கேல் உறுதிமொழி, மருத்துவருக்கு விசுவாசமாகத் துணைநிற்கும்படி செவிலியரைக் கேட்டது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்ற அறநெறித் தொகுப்பும் மருத்துவரின் ஆணையை விசுவாசத்தோடு நிறைவேற்றச் சொன்னது. அந்த அளவுகோலின்படி ரிவர்ஸ் தவறியவர் அல்லர். 1973-இல் திருத்தப்பட்டபோதுதான், செவிலியரின் முதற்பொறுப்பு பராமரிப்பு தேவைப்படும் மனிதருக்கே என்று அத்தொகுப்பு அறிவித்தது.

எழுத்து மாறினால் நடத்தை மாறிவிடுமா? பீட்டர் பக்ஸ்டனின் அனுபவம் அவ்வளவு நம்பிக்கை தருவதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பொதுச் சுகாதாரச் சேவையில் பணியாற்றிய அவர் இந்த ஆய்வை எதிர்த்து 1966-லும் 1968-லும் மேலிடத்துக்கு எழுதினார். 1969-இல் கூடிய வல்லுநர் குழு ஆய்வைத் தொடரலாம் என்றது. 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் ஜீன் ஹெல்லர் எழுதிய பிறகே அது நின்றது. வெள்ளையரான பக்ஸ்டனின் குரலே ஆறு ஆண்டுகள் எடுபடவில்லை என்றால், இனப்பாகுபாடு சட்டமாக இருந்த தென்மாநிலத்தில், அரசுச் சம்பளத்தை நம்பியிருந்த ஒரு கறுப்பினச் செவிலியர் மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இக்கேள்வி ரிவர்ஸை விடுவிப்பதற்காக அல்ல. தனியொருவரின் மனச்சாட்சியை நம்பி மட்டும் தொழிலறத்தை நிறுத்த முடியாது என்பதற்கு இதுவே சான்று.

1974-இல் வந்த தேசிய ஆய்வுச் சட்டம் அந்த இடைவெளியைத்தான் தொட்டது. மனிதரை வைத்து நடக்கும் ஆய்வுகளை அறநெறிக் குழுக்கள் முன்கூட்டியே பரிசீலிப்பதை அது சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தது. அச்சட்டத்தால் அமைந்த ஆணையம் 1979-இல் வெளியிட்ட பெல்மான்ட் அறிக்கை மூன்று நெறிகளை வகுத்தது: மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி. இரண்டாவதைத் தாம் செய்வதாகவே ரிவர்ஸ் நம்பினார். காரில் ஏறியவர்களுக்குத் தங்கள் நோயின் பெயர் தெரியாதிருந்த வரை, முதலாவதற்கு அங்கே இடமிருக்கவில்லை.